ஏடிஹெச்டி: பெற்றோர் கேட்பவை, பெரியவர்கள் தயங்கிக் கேட்பவை

என் மகனுக்கு ஏடிஹெச்டி இருப்பது அவனது எட்டாவது வயதில் உறுதியானது. அவனைப் பற்றி மருத்துவர் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அவற்றில் பாதி என் கதை என்று உள்ளுக்குள் உறைத்தது. அடுத்த ஆண்டு எனக்கும் அதே முடிவு வந்தது. அதற்குப் பிறகு உறவினர்கள், பள்ளி வாசலில் பழக்கமான பெற்றோர், உடன் வேலை செய்பவர்கள் எனப் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. படித்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும், வீட்டில் கண்ணால் கண்டதையும் எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா இல்லையா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ஏடிஹெச்டி என்றால் என்ன?

தமிழில் 'கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு' என்கிறார்கள். மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கிவிடும். உலக அளவில் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கும், நூறு பெரியவர்களில் இரண்டு மூன்று பேருக்கும் இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

பெயரில் 'கவனக்குறைவு' என்று இருப்பதே பலரைத் திசைதிருப்பிவிடுகிறது. கவனம் இருக்கிறது. அதை வேண்டிய இடத்தில் வைப்பதும், வேண்டாத இடத்திலிருந்து பிடுங்கி எடுப்பதும்தான் பெரும்பாடு. கூடவே, மனத்தில் எழுந்த உந்துதலை ஒரு நொடி தடுத்து நிறுத்துவது, கேட்டதை மறக்காமல் மனத்தில் ஏந்திக்கொண்டு போவது, நேரம் ஓடுவதை உணர்வது ஆகியவையும் சிரமமாகின்றன.

எங்கள் வீட்டில் ஒரு காலை. "உள்ளே போய் சாக்ஸ் போட்டுக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு வா" என்றேன். "சரி அம்மா" என்று ஓடினான். ஐந்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் தரையில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு சாக்ஸ் காலில். இன்னொன்றைக் கையில் மாட்டி, அதன் நுனியை வாய்போல மடக்கி, ஜன்னல் கம்பியோடு பேச வைத்துக்கொண்டிருக்கிறான். பை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. என்னைக் கண்டதும் அவன் முகத்தில் தெரிந்தது திமிர் இல்லை, திகைப்பு. நான் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது, புரிந்திருந்தது, செய்ய வேண்டும் என்றும் நினைத்துத்தான் போயிருந்தான். சாக்ஸைக் கையில் எடுத்த கணத்தில் மிச்சமெல்லாம் கலைந்துபோயிற்று.

செய்ய வேண்டியது என்னவென்று தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில் செய்ய வராது. இந்த இடைவெளியைத்தான் ஏடிஹெச்டி என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். இது பிடிபடாதவரை, எத்தனை முறை புத்தி சொன்னாலும் அது ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொல்வதாகவே முடியும்.

என்னென்ன அறிகுறிகளை வைத்துக் கண்டுகொள்வது?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் மொத்தம் 18 அறிகுறிகள் இருக்கின்றன. ஒன்பது கவனம் சார்ந்தவை; ஒன்பது மிகை இயக்கமும் அவசரமும் சார்ந்தவை.

கவனம் சார்ந்தவற்றை வீட்டில் இப்படிப் பார்க்கலாம். கணக்கு தெரிந்த பிள்ளை கூட்டல் குறியைக் கழித்தல் என்று எடுத்துக்கொண்டு விடையைத் தவறவிடுகிறது. பாதி வாசித்த பத்தியில் கண் நகர்கிறது, மனம் எங்கோ போய்விடுகிறது. நேருக்கு நேர் நின்று பேசினாலும் கேட்காததுபோல நிற்கிறது. வேலையைத் தொடங்கிவிட்டு நடுவில் விட்டுவிடுகிறது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசைப்படுத்தத் தெரிவதில்லை. நெடுநேரம் மூளையைச் செலவிட வேண்டிய வேலை என்றாலே தட்டிக்கழிக்கிறது. பென்சில், நோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் தொலைகின்றன. வெளியே கேட்கும் சிறு சத்தமும் இழுத்துக்கொண்டு போகிறது. தினமும் செய்யும் காரியமே மறந்துபோகிறது.

மிகை இயக்கம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். கைகால் சும்மா இருக்காது. உட்கார வேண்டிய இடத்தில் எழுந்து நடப்பது, ஏறக்கூடாத இடத்தில் ஏறுவது, சத்தமில்லாமல் விளையாட முடியாதது, சாவி கொடுத்த பொம்மைபோல ஓடிக்கொண்டே இருப்பது, ஓயாமல் பேசுவது. அவசரம் இதன் உடன்பிறப்பு: கேள்வி முடியும் முன்பே பதில் வாயிலிருந்து வந்துவிடும், வரிசையில் தன் முறைக்குக் காத்திருக்க முடியாது, பிறர் பேச்சிலும் விளையாட்டிலும் குறுக்கே புகுந்துவிடும். வளர வளர ஓட்டம் குறைந்து, உள்ளுக்குள் ஒரு தவிப்பாக மாறிவிடுவதும் உண்டு.

இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் ஏடிஹெச்டி ஆகிவிடாது. 17 வயதுக்குக் கீழே என்றால் ஒரு தொகுதியில் குறைந்தது ஆறு, 17-உம் அதற்கு மேலும் என்றால் ஐந்து இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி, விளையாட்டிடம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படிப்பையோ நட்பையோ அன்றாட வாழ்வையோ அது உண்மையிலேயே பாதித்திருக்க வேண்டும்.

முதல் தொகுதி மட்டும் மேலோங்கி இருப்பவர்கள், இரண்டாவது மட்டும் மேலோங்கி இருப்பவர்கள், இரண்டும் சேர்ந்தவர்கள் என்று மூன்று விதமாகப் பிரிக்கிறார்கள். ஒரே ஆளே வயது ஏற ஏற ஒரு விதத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறக்கூடும்.

குழந்தை என்றால் துறுதுறுவென்றுதானே இருக்கும்? எல்லாவற்றுக்கும் பெயர் வைக்க வேண்டுமா?

கேள்வி நியாயமானது. நான்கு வயதுப் பிள்ளை ஓடுவதும் ஏழு வயதுப் பிள்ளை பென்சிலைத் தொலைப்பதும் இயல்பு. பார்க்க வேண்டியது அளவை. அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் எவ்வளவு அதிகம், எவ்வளவு காலமாக, எத்தனை இடங்களில், அதனால் பிள்ளை எதை இழக்கிறது என்று பாருங்கள்.

'அதே வயது' என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி என்று முத்திரை விழுவது கூடுதலாக இருப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். பத்துப் பதினோரு மாதம் மூத்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் யாருமே சிறுபிள்ளைத்தனமாகத்தான் தெரிவார்கள். ஆசிரியர் புகார் சொன்னால், உங்கள் பிள்ளையின் பிறந்த மாதத்தையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

வீடியோ விளையாட்டில் மூன்று மணி நேரம் கண் எடுக்காமல் உட்காருகிறான். இவனுக்கா கவனக்குறைவு?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். "பிடித்ததென்றால் மட்டும் செய்கிறான், அப்படியென்றால் நடிப்புதானே" என்ற முடிவுக்கு இங்கிருந்துதான் வருகிறார்கள்.

விளையாட்டில் ஒவ்வொரு சில நொடிக்கும் ஒரு பரிசு கிடைக்கிறது. தவறு செய்தால் அடுத்த கணமே தெரிகிறது. சலிப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது. கவனத்தைப் பிடித்து வைக்கும் வேலையை விளையாட்டே செய்துகொடுக்கிறது. வீட்டுப்பாடத்தில் அந்த வேலையைப் பிள்ளையின் மூளையே செய்ய வேண்டும். பரிசோ ஆண்டின் இறுதியில்தான் வரும். ஆர்வம், புதுமை, அவசரம் ஆகியவை இருந்தால் ஏடிஹெச்டி உள்ளவர்களின் கவனம் தானாகவே ஓடிவந்து நிற்கும். 'முக்கியம்' என்ற ஒரே காரணத்துக்காக வரச்சொன்னால் வராது. தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் பேய்போலப் படிப்பதும் இதனால்தான்.

மூழ்கிவிட்டால் வெளியே வர முடியாமல் போவதும் இதன் இன்னொரு முகம். பசி தெரியாது, கூப்பிட்டால் கேட்காது. மனம் ஒரு குரங்கு என்கிறோம். கிளைக்குக் கிளை தாவும் குரங்கு சில சமயம் ஒரே கிளையை இறுகப் பற்றிக்கொண்டு விட மறுக்கும். இரண்டும் ஒரே குரங்குதான்.

என் மகள் அமைதியானவள். ஆனால் எப்போதும் கனவிலேயே இருக்கிறாள். அவளுக்கும் இருக்குமா?

இருக்கலாம். பெரும்பாலும் தவறவிடப்படுவது இந்தப் பிள்ளைகள்தான். வகுப்பைக் கலைப்பவனைப் பற்றி ஆசிரியர் வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து பேசாமல் வெளியே பார்ப்பவளால் யாருக்கும் தொந்தரவில்லை. அதனால் யாரும் கேட்பதுமில்லை. சிறு வயதில் மருத்துவரிடம் அழைத்து வரப்படுபவர்களில் ஆண் பிள்ளைகளே மிக அதிகம். பெரியவர்களில் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பெண் பிள்ளைகள் எவ்வளவு பேரைச் சிறு வயதில் கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்பதற்கு இதுவே சாட்சி என்று நினைக்கிறேன்.

பெண் பிள்ளைகள் மறைக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். மறந்துவிடுவோமோ என்று நான்கு முறை பையைத் திறந்து பார்ப்பாள். தோழியின் நோட்டைப் பார்த்து விட்டுப்போனதை எழுதிக்கொள்வாள். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை மூன்று மணி நேரம் உட்கார்ந்து முடிப்பாள். மதிப்பெண் வந்துவிடும்; அதற்கு அவள் கொடுத்த விலை யாருக்கும் தெரியாது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பல பெண்கள் மன அழுத்தத்துக்கோ பதற்றத்துக்கோ பல ஆண்டு சிகிச்சை எடுத்த பிறகுதான் அடியில் கிடந்த ஏடிஹெச்டியைக் கண்டுகொள்கிறார்கள்.

சின்ன விஷயத்துக்கும் வெடித்து அழுகிறான். இதுவும் அறிகுறியா?

18 அறிகுறிகளின் பட்டியலில் இது தனியாக இல்லை. ஆனால் ஏடிஹெச்டி உள்ள பலரிடம் உணர்ச்சிக்கும் கடிவாளம் தளர்வாகவே இருக்கிறது. கோபமோ அழுகையோ குதிரைபோலக் கிளம்பும். வந்த வேகத்தில் அடங்கியும் விடும். கூடவே, நாள் முழுக்கத் திட்டு வாங்கும் பிள்ளைக்குச் சிறு மறுப்பும் பெரிதாக வலிக்கும். மருத்துவரிடம் போகும்போது இதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இது என் வளர்ப்பால் வந்ததா?

இல்லை. இந்தக் குற்ற உணர்வோடு இரவில் தூங்காமல் இருக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேரைச் சந்தித்திருக்கிறேன். அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

இரட்டையர்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஏடிஹெச்டி ஒருவருக்கு வருவதும் வராததுமான வேறுபாட்டில் ஏறக்குறைய 74 சதவீதம் மரபணு சார்ந்தது என்று தெரிகிறது. ஒரே ஒரு மரபணு காரணம் இல்லை. சிறு சிறு விளைவுகளை உடைய ஏராளமான மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த பிறப்பு எடை, ஈய நச்சு ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன.

மூளையிலும் இதன் தடயம் தெரிகிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் குழந்தைகளின் மூளையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் வெளி அடுக்கான புறணி தன் முழுத் தடிமனை அடைவது மற்றக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஏழரை வயதில். ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குப் பத்தரை வயதில். வளர்ச்சியின் வரிசை ஒன்றேதான், காலம்தான் தாமதம். அதிலும் திட்டமிடுதல், அடக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் முன்பகுதியில் தாமதம் அதிகம். என் மகனுக்கு எட்டு வயதானபோது, சில விஷயங்களில் மட்டும் ஐந்து வயதுப் பிள்ளைக்குரிய எதிர்பார்ப்போடு நடந்துகொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னார். வீட்டில் பாதிச் சண்டை அன்றோடு நின்றது.

வளர்ப்பு ஏடிஹெச்டியை உண்டாக்காது. ஆனால் உள்ள பிள்ளை நொறுங்கிப்போவதா நிமிர்ந்து நிற்பதா என்பதில் வீட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

செல்போனும் இனிப்பும் காரணமா?

இனிப்பைப் பற்றி 1995-லேயே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டார்கள்: சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை. செல்போன் தூக்கத்தைக் கெடுக்கும், சலிப்பைத் தாங்கும் பழக்கத்தைக் குறைக்கும்; ஏற்கெனவே உள்ள சிரமத்தைக் கூட்டும். அதைக் கட்டுக்குள் வைப்பது நல்லதுதான். அதைப் பிடுங்கி வைத்தால் ஏடிஹெச்டி போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நம் காலத்தில் இதெல்லாம் இல்லையே? புதிதாகக் கிளப்பிவிட்டதுதானே?

பெயர்தான் புதிது. 1798-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்ஸாண்டர் கிரைட்டன், எதிலும் நிலைத்துக் கவனிக்க முடியாத, பிறவியிலேயே வரக்கூடிய ஒரு நிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவு குறையாமலே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1937-இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி, ஊக்க மருந்து கொடுத்த சில குழந்தைகள் பள்ளிப் பாடத்தில் வியக்கத்தக்க விதத்தில் ஈடுபடுவதைக் கண்டு பதிவு செய்தார். 1987-இல்தான் இன்றைய பெயர் வந்தது. நம் காலத்திலும் இந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். 'உதவாக்கரை', 'வால்', 'சோம்பேறி' என்று வேறு பெயர்களில் அழைக்கப்பட்டார்கள், அவ்வளவே.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்தால் தெரிந்துவிடுமா?

தெரியாது. மேலே சொன்ன மூளைப் படங்கள் பெரிய கூட்டத்தின் சராசரியைக் காட்டுபவை. ஒரு தனிப் பிள்ளைக்கு இருக்கிறதா என்பதை அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. குழந்தை மனநல மருத்துவர், குழந்தைகள் வளர்ச்சி மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விரிவாகக் கேட்டு, பிள்ளையோடு பேசி, வினாத்தாள்களை நிரப்பச் சொல்லி முடிவுக்கு வருகிறார்கள். பத்து நிமிடத்தில் முடிவு சொன்னால் இன்னொருவரையும் பாருங்கள்.

இதைப்போலவே தோன்றும் வேறு சிலவற்றையும் அவர்கள் விலக்க வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளை சொன்னதைக் கேட்காத பிள்ளைபோலத் தெரியும். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை கரும்பலகையைப் பார்க்காது. சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் ஒரு வகை வலிப்பு, பகல் கனவு என்று தோன்றிவிடும். குறட்டையும் மூச்சுத் தடையுமாகத் தூங்கும் பிள்ளை பகலில் படபடப்பாக இருக்கும். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, வீட்டில் நடக்கும் சண்டை, பள்ளியில் யாரேனும் மிரட்டுவது எல்லாமே கவனத்தைச் சிதறடிக்கும். இன்னொரு பக்கம், எழுதப் படிக்கச் சிரமப்படும் கற்றல் குறைபாடு, பதற்றம், ஆட்டிசம் ஆகியவை ஏடிஹெச்டியோடு சேர்ந்தே இருப்பதும் சாதாரணம். ஒன்றைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது.

போகும்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுபோங்கள். என் மகனின் கணக்கு நோட்டில் முதல் இரண்டு கணக்கு முத்துமுத்தாக இருக்கும்; மூன்றாவதில் எழுத்து சாயத் தொடங்கும்; ஐந்தாவதில் ரப்பர் அழுந்தித் தாளில் ஓட்டையே விழுந்திருக்கும். மருத்துவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

மருந்து கொடுக்கத்தான் வேண்டுமா? பழக்கமாகிவிடாதா?

எனக்கும் இந்தப் பயம் இருந்தது. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் நான் மருந்து வாங்கவில்லை.

ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சியையே பரிந்துரைக்கிறார்கள். அதற்கு மேல், சிரமம் எவ்வளவு என்பதைப் பொறுத்து மருந்தைப் பற்றிப் பேசுவார்கள். அதிகம் பயன்படுவது மெத்தில்ஃபெனிடேட். 1944-இல் உருவாக்கப்பட்டது; 1950-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. நரம்புச் செல்களுக்கு நடுவே டோபமைன், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்கள் சற்றுக் கூடுதல் நேரம் தங்கும்படி செய்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, சாதாரண வகை ஏறக்குறைய நான்கு மணி நேரமும், மெதுவாகக் கரையும் வகை எட்டு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். அட்டமாக்செட்டின் போன்ற வேறு வகை மருந்துகளும் உண்டு. அவற்றின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும்தான் அதிகம் காணப்படும் பக்க விளைவுகள். வயிற்று வலி, தலைவலி வரலாம். நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றே ஏறலாம். உயரம் கூடுவது கொஞ்சம் மந்தமாகலாம். அதனால் உயரம், எடை, ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்ப்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் இதய நோய் இருந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

அடிமையாகிவிடுவானோ என்ற கேள்விக்கு: மருத்துவர் மேற்பார்வையில் சரியான அளவில் எடுத்த குழந்தைகள் பிற்காலத்தில் போதைப் பழக்கத்துக்குப் போவது கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. தவறாகப் பயன்படுத்தினால் ஆபத்துள்ள மருந்து என்பதும் உண்மை. மாத்திரை பெரியவர்களின் பொறுப்பில் இருக்க வேண்டும்; யாருக்கும் பகிர்ந்து கொடுக்கக் கூடாது.

1999-இல் அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து 14 மாதம் நடந்த ஆய்வில், கவனமாகச் சரிபார்த்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியைவிட முக்கிய அறிகுறிகளை அதிகமாகக் குறைத்தது. பின்னர் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. மருந்தால் முடிவது அது உடலில் இருக்கும் நேரத்தில் வழியைத் திறந்துவிடுவது. பழக்கங்களை அது கற்றுத்தராது. எங்கள் வீட்டில் இரண்டும் நடக்கின்றன. மருந்தே வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பங்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்து எடுத்த முடிவாக இருந்தால் சரி.

வீட்டில் என்ன செய்யலாம்?

தூரத்திலிருந்து கத்திச் சொல்வதை நிறுத்துங்கள். அருகே போய், தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து, ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு அடுத்தது. அந்த சாக்ஸ் நாளுக்குப் பிறகு நான் 'சாக்ஸ்' என்று மட்டும்தான் சொல்கிறேன். அவன் வந்து நின்றதும் 'பை'.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதை எல்லாம் வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். செய்ய வேண்டியவை கதவில் தாளாக ஒட்டப்பட்டிருக்கட்டும். நேரம் முள் நகரும் கடிகாரமாகத் தெரியட்டும். 'இன்னும் பத்து நிமிடம்' என்பது இந்தப் பிள்ளைகளுக்கு வெறும் சத்தம். பைக்கு ஒரே இடம், காலணிக்கு ஒரே இடம்.

பாராட்டு உடனே வர வேண்டும், குறிப்பாகவும் இருக்க வேண்டும். "நல்ல பிள்ளை" என்பதைவிட "கூப்பிட்டதும் வந்தாயே" என்பது பலன் தரும். மாதக் கடைசியில் சைக்கிள் என்ற வாக்குறுதி அவன் மூளைக்கு எட்டாத தூரம்; இன்று மாலை சேர்ந்து விளையாடலாம் என்பது எட்டும். தண்டனையும் அப்படித்தான்: சிறியதாக, உடனே, முடிந்ததும் மறந்துவிடும்படி. அடிப்பதால் கவனம் வளர்ந்ததாக நான் எங்கும் கண்டதில்லை.

தூக்க நேரத்தை ஒழுங்காக்குங்கள். ஓடியாடட்டும். இவற்றை எல்லாம் முறையாகச் சொல்லித்தரும் பெற்றோர் பயிற்சி கிடைத்தால் கட்டாயம் போங்கள். இந்தப் பட்டியலைப் படிப்பதைவிடப் பலமடங்கு பயன்.

பள்ளியில் என்ன கேட்கலாம்?

முன் வரிசையில், கதவுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி ஓர் இடம். பலகையில் எழுதிப்போட்ட சுருக்கமான கட்டளைகள். நீண்ட வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பது. இடையில் எழுந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வருவதுபோன்ற நியாயமான நடமாட்டம். தேர்வில் கூடுதல் நேரம். ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: விளையாட்டு நேரத்தைப் பறிப்பது தண்டனையாக இருக்கக் கூடாது. உட்கார முடியாத பிள்ளைக்கு ஓடும் நேரத்தையும் பிடுங்கிக்கொண்டால் அடுத்த வகுப்பில் உட்காருவது இன்னும் கடினமாகும்.

எனக்கு வயது நாற்பது. எனக்கும் இருக்குமோ என்று சந்தேகம். இனிமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். சிறு வயதில் தொடங்கியவர்களில் பலருக்கு ஏதோ ஒரு அளவில் பெரியவர்களானபின்பும் தொடர்கிறது. சிலருக்கு அறிகுறிகள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. பெரியவர்களிடம் ஓட்டம் தெரியாது. என் மேசையில் பிரிக்காத ஒரு கடித உறை ஏழு வாரம் கிடந்தது. கட்ட வேண்டிய கட்டணம் அதில் இருப்பது தெரியும், பணமும் இருந்தது. தினமும் அதைப் பார்ப்பேன். பார்த்ததும் நெஞ்சு அடைக்கும். வேறு பக்கம் திரும்பிவிடுவேன். ஏழு வாரத்துக்குப் பிறகு அபராதத்தோடு கட்டினேன். நான்கு நிமிடம்தான் ஆயிற்று. இருபது ஆண்டுகளாக இதை என் குணக்கேடு என்று நம்பி வாழ்ந்திருக்கிறேன்.

எப்போதும் தாமதம், கடைசி நேரப் பதற்றம், தொடங்கி முடிக்காத வேலைகள், யோசிக்காமல் செலவழிப்பது, பேசிவிட்டு வருந்துவது, கூட்டத்தில் உட்கார முடியாத தவிப்பு எல்லாம் நினைவு தெரிந்த நாள் முதல் இருந்தால் கேட்டுப் பாருங்கள். திடீரென்று இந்த ஆண்டு தொடங்கியது என்றால் காரணம் வேறாக இருக்கலாம். அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு பெரியவர்களுக்காக உருவாக்கிய ஆறு கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் இருக்கிறது. மேலும் விசாரிக்கத் தேவை இருக்கிறதா என்பதை அது காட்டும், முடிவைச் சொல்லாது. பழைய மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள் இருந்தால் தேடி எடுங்கள். என்னுடையதில் ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக ஒரே வாசகம் இருந்தது: 'திறமை உண்டு, முயற்சி போதாது.'

வாகனம் ஓட்டுபவர்கள் குறிப்பாகத் தள்ளிப்போட வேண்டாம். சிகிச்சை இல்லாத ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு விபத்து வாய்ப்பு கூடுதல்.

பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் வகுப்பில் யாரோ ஒருவர் வேறொரு சொல்லால் சொல்லிவிடுவார்கள். மருந்தைச் 'சத்து மாத்திரை' என்று பொய் சொல்லிக் கொடுக்காதீர்கள்; ஒருநாள் தெரியவரும்போது மாத்திரையையும் உங்களையும் சேர்த்தே வெறுப்பான். 'உனக்கு ஓர் அபூர்வ சக்தி' என்று மிகைப்படுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு தினமும் அழும் பிள்ளைக்கு அந்தப் பேச்சு ஆறுதல் தராது.

நான் என் மகனிடம் சொன்னது இவ்வளவுதான்: "உன் மூளை வேகமாக ஓடுகிறது, நிறுத்தும் பிரேக் மட்டும் இன்னும் முழுசாக வளரவில்லை. அதற்கு உதவத்தான் டாக்டர், மாத்திரை, கதவில் ஒட்டிய தாள் எல்லாம். அம்மாவுக்கும் இப்படித்தான்." அவன் நம்பவில்லை. "உனக்கும் பை மறந்துபோகுமா?" என்றான். என் அறைக்கு அழைத்துப்போய், கதவின் உள்பக்கம் நான் எனக்காக ஒட்டிவைத்திருந்த தாளைக் காட்டினேன். சாவி, கைப்பேசி, அடுப்பு, மாத்திரை என்று எழுதியிருந்ததை விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தான். பிறகு ஒரு பென்சிலைத் தேடிக் கொண்டுவந்து, 'அடுப்பு'க்குக் கீழே தன் கோணல் எழுத்தில் 'கடிதம்' என்று சேர்த்தான்.